தலைவர் தேர்தல்: எதிர்த்து நிக்கிறவங்களோட அஞ்சு வருச நிர்வாகத்தை எப்படி விமர்சிக்கிறது?

ஊருணிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்துல ஒரு சின்ன கிராம ஊராட்சி எங்களோடது. மகளிர் குழுவுல ரொம்ப வருசமா ஊக்குநரா இருக்கேன். வர்ற உள்ளாட்சித் தேர்தல்ல தலைவர் பதவிக்கு நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். 2019 டிசம்பர் தேர்தல்ல ஜெயிச்சு 2025 ஜனவரி 5 வரைக்கும் தலைவரா இருந்தவங்கதான் திரும்பவும் நிக்கிறாங்க. எனக்கு மதினி முறை. அவங்க காலம் முடிஞ்சதுல இருந்து தனி அலுவலர்தான் பாக்குறாரு.

ஊரே அறிஞ்ச விசயம் என்னன்னா, தலைவர்னு பேரு மதினிக்கு, ஊராட்சியை நடத்துனது அவங்க வீட்டுக்காரரு, அதாவது அண்ணன். ஆபீஸ் நாற்காலியில அவர்தான் இருப்பாரு. மதினிகிட்ட ஏதாவது கேட்டா "அண்ணன்ட்ட கேளு தாயி"ம்பாங்க.

எனக்குக் கோவம் அதுல இல்ல, கணக்குல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். 2023 கோடையில எங்க தெரு போர் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. தண்ணி தொட்டிக்கு ஏறல. ஊராட்சியில சொன்னா "நிதி வரட்டும், பாப்போம்"னாரு அண்ணன். பொறுத்துப் பாத்துட்டு வீட்டுக்கு 150 ரூபான்னு நானே பிரிச்சேன். மோட்டாரைத் தூக்கி ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி, காயில் கட்டுற கடையில குடுத்து, திரும்ப இறக்குனது எங்க தெருப் பயலுக. கடைக்காரர் குடுத்த சீட்டு குழு நோட்டுக்குள்ள இன்னைக்கும் இருக்கு. அந்த வருசம் அக்டோபர் 2 கிராம சபையில வரவு செலவு வாசிக்கிறாங்க, எங்க மோட்டார் எரிஞ்ச மாசத்துக்கு நேரா "மின்மோட்டார் பழுது நீக்கம்"னு ஒரு தொகை. எந்திரிச்சுக் கேட்டேன். "அது வேற மோட்டாரும்மா, உக்காரு"ன்னுட்டாரு. தீர்மானப் புத்தகத்துல நான் கேட்டது ஒரு வரி இல்ல.

காலனித் தெருவுல வீட்டுக்கு வீடு குழாய் வச்சிருக்காங்க. திருகிப் பாத்தா உஸ்ஸுன்னு காத்து வரும், அம்புட்டுதான். ஒரு வீட்டுல அந்தக் குழாயில கயிறு கட்டி ஆட்டுக்குட்டியைப் பிடிச்சுப் போட்டிருக்காங்க. கணக்குல அது "குடிநீர் இணைப்பு வழங்கப்பட்ட வீடு".

இன்னொண்ணு, பக்கத்து நகராட்சியோட எங்க ஊரைச் சேக்கலாம்னு பேச்சு இருக்கு. "சேந்தா ரோடு வரும், மனை விலை ஏறும்"னு அண்ணன் டீக்கடையில சொல்றாரு. நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான், அதுக்குப் போற எங்க குழுப் பொம்பளைக கதி என்னன்னு ஒரு வார்த்தை இல்ல.

இதை எல்லாம் சனங்க முன்னாடி சொல்லணும். ஆனா யாரைச் சொல்றது? தேர்தல்ல நிக்கிறது மதினி. செஞ்சது அண்ணன். மதினியைப் "பொம்மை"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லாம விட்டா விசயமே போச்சு. கேஸ் கீஸ் போட்டுருவாங்களோன்னும் எங்க வீட்டுல பயப்படுறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய பேரேடு எழுதியது:

சகோதரி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் இருக்கும் கடைச் சீட்டு நல்ல ஆதாரம். ஆனால் பாதி ஆதாரம்தான். மறுபாதி ஊராட்சியின் வவுச்சரில் (செலவுச் சீட்டில்) இருக்கிறது. "வேறு மோட்டார்" என்று அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஓர் ஊராட்சிக்கு நாலைந்து ஆழ்துளைக் கிணறாவது இருக்கும். எனவே மேடையில் பேசுவதற்கு முன் அது எந்த மோட்டார் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். "ஊழல் நடந்ததா" என்று கேட்காதீர்கள், பதில் வராது. அந்த மாதத்து மோட்டார் பழுதுச் செலவுக்கான வவுச்சர், கடையின் பில், அதில் குறிப்பிட்டுள்ள மோட்டார் எந்தத் தெருவில் உள்ளது, எத்தனை குதிரைத்திறன், செலவுக்கு ஒப்புதல் தந்த தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கடைச் சீட்டிலும் குதிரைத்திறன் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். 30 நாளில் பதில் தர வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே போட்டுவிடுங்கள்.

"நிதி இல்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். பலரும் ஏமாறுகிற இடம் இது. ஊராட்சியின் பணம் ஒரே பானையில் இருப்பதில்லை. வீட்டு வரி, மீன்பாசிக் குத்தகை, கருவேல மர ஏலம் போன்ற வரவெல்லாம் முதல் கணக்கு. மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதும் இரண்டாம் கணக்கு. திட்டப் பணம் மூன்றாம் கணக்கு. மத்திய அரசிடமிருந்து வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்துக்கு வேறு கட்டுப்பாடு. 2021-22இலிருந்து 2025-26 வரை அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டியிருந்தது, ரோட்டுக்குத் திருப்ப முடியாது. அதாவது தண்ணீருக்கென்றே ஒதுக்கிய பணம் வந்துகொண்டிருந்தது. எந்த வருடம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேர்வு செய்து யாரும் பார்க்கலாம். குழாயில் காற்று வருகிற தெருவில் நின்று அந்தத் தொகையை வாசியுங்கள். அடைமொழியே தேவைப்படாது.

டீக்கடை பெஞ்சு எழுதியது:

நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. சட்டசபைத் தேர்தல் மாதிரி இல்ல இது. கட்சிச் சின்னம் கிடையாது, நாலு தெரு, எல்லாரும் பங்காளி, சம்பந்தி. அண்ணனைத் திட்டுனா அவரோட வகையறா ஓட்டு மொத்தமா அந்தப் பக்கம் போயிரும். திட்டாம இருந்தா அதுல கால்வாசி உங்களுக்கு வரும். அவங்க வீட்டுக்குள்ளயே அவர் மேல வருத்தம் இருக்கவங்க இருப்பாங்க, அவங்களுக்கு ரோசம் வர வச்சிறாதீங்க. நான் வந்தா இதைச் செய்வேன்னு மட்டும் பேசுங்க. எங்க ஊர்ல அப்படித்தான் ஒருத்தர் ஜெயிச்சாரு.

கண்மாய்மேடு எழுதியது:

மேல எழுதுன அண்ணன் சொல்றது ஓட்டுக் கணக்குக்குச் சரி. ஆனா அஞ்சு வருசம் ஆட்டுக்குட்டி கட்டுன குழாயைப் பத்திப் பேசாம "நான் வந்தா தண்ணி தருவேன்"னு சொன்னா, போன தடவை அவங்களும் அதத்தானே சொன்னாங்கன்னு சனம் போயிரும். ஏன் வரலைன்னு சொன்னாத்தான் நீங்க வரவழைப்பீங்கன்னு நம்புவாங்க.

நான் வேற மாவட்டத்துல ஊராட்சித் தலைவரா இருந்தவ. ஜெயிச்ச புதுசுல ஒன்றிய ஆபீஸ் கூட்டத்துக்குப் போனா "வீட்டுக்காரர் வரலையாம்மா"ன்னுதான் முதக் கேள்வி. அவரை வீட்டுல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு வருசம் போச்சு. அதனால உங்க மதினி நிலைமை எனக்குத் தெரியும். பொம்மைன்னு நீங்க சொல்லாம நிறுத்துனது ரொம்பச் சரி. அந்த வார்த்தை அவங்களை மட்டும் அடிக்காது. நாளைக்கு நீங்க ஜெயிச்சாலும் "இவளை ஆட்டி வைக்கிறது யாரு"ன்னு உங்க மேலயே திரும்பும்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. தலைவரும் துணைத்தலைவரும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஊராட்சிப் பணம் வெளிய வரும். கையெழுத்து மதினியோடது, சட்டப்படி பொறுப்பும் அவங்களோடது. நாளைக்குத் தணிக்கையில பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னா நோட்டீஸ் அவங்க பேருக்குத்தான் வரும், அண்ணன் பேருக்கு வராது. அதனால மேடையில "தலைவர்"னே சொல்லுங்க. தலைவர் கையெழுத்துப் போட்ட செலவு, தலைவர் பதில் சொல்லணும். அவங்களைத் தலைவரா மதிச்சுக் கேள்வி கேக்குறதுதான் மரியாதை.

அண்ணன் விசயத்தைத் தனியா, நிர்வாகக் குறையா வைங்க. தேர்ந்தெடுக்கப்படாத ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்து யாருக்கு வேலை, யாருக்கு வீடுன்னு முடிவு பண்ணுனாரு, இது தப்பு. இதைச் சொல்ல அவங்க குடும்ப விசயத்துக்குள்ள போக வேண்டியதே இல்ல. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைச்ச குழுவே 2025ல குடுத்த அறிக்கையில, பெண் தலைவருக்குப் பதிலா வீட்டு ஆம்பளைங்க நிர்வாகம் பண்ணுனா கடுமையான தண்டனை வேணும்னு சொல்லியிருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 50 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2016லயே சட்டம் போட்டது அண்ணன்மார் நாற்காலியில உக்காரவா?

கறுப்பு கோட்டு எழுதியது:

கேஸ் பயத்துக்கு மட்டும் பதில். வேட்பாளரின் கொள்கை, கடந்த காலச் செயல்பாடு, பணி ஆகியவற்றை விமர்சிக்கத் தடையே இல்லை, தேர்தல் நடத்தை விதிகள் அனுமதிப்பதே அதைத்தான். பொது வேலையோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட வாழ்க்கையும், சரிபார்க்காத குற்றச்சாட்டும்தான் கூடாது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே ஒன்றைச் சொல்லித் தேர்தல் முடிவை மாற்றப் பார்த்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 175ஆவது பிரிவில் அபராதம் உண்டு. அவதூறு 356ஆவது பிரிவு. கையில் வவுச்சர் நகலை வைத்துக்கொண்டு "இந்தச் செலவுக்கு விளக்கம் தாருங்கள்" என்று கேட்பவர் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். "திருடி", "சுருட்டியது" போன்ற சொற்கள் வேண்டவே வேண்டாம்.

நோட்டீஸ் அடித்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும். செலவுக் கணக்கிலும் அதை எழுதிவிடுங்கள். 2019இல் தலைவர் வேட்பாளருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய். இந்த முறை எவ்வளவு என்பதை அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ பெயர் போடாமல் வாட்ஸாப்பில் சுற்றவிடும் ஆடியோவைக் கையால்கூடத் தொடாதீர்கள். உங்கள் பக்கத்து ஆட்களே அதைச் செய்வார்கள், முதலிலேயே தடுத்து வையுங்கள்.

ஊருணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கண்மாய்மேடு அக்கா, நீங்க எழுதுனதை எங்க குழுக் கூட்டத்துல சத்தமா வாசிச்சேன். கையெழுத்துப் பத்திச் சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் மதினியைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க.

டீக்கடை பெஞ்சு அண்ணே, உங்க மேல கோவம் இல்ல. ஆனா மோட்டாரைத் தூக்குன பயலுகள்ல ரெண்டு பேரு அண்ணனோட வகையறாதான். 150 ரூபா அவங்க வீட்டுலயும்தான் வாங்குனேன். அவங்களுக்கும் பதில் வேணும்.

இ-கிராம்ஸ்வராஜ்ல பாத்தோம். என் தம்பி மகன் போன்ல எடுத்துக் காட்டுனான். குடிநீர்னு போட்டு வந்த பணமும் செலவும் வருச வாரியா இருக்கு. தொகையை இங்க போடல, மனுவுக்குப் பதில் வந்தப்புறம் சேத்துத்தான் பேசப் போறேன்.

கிராம சபை விசயம் ஒண்ணு விட்டுப் போச்சு. 500க்கு மேல 3,000 வரைக்கும் மக்கள்தொகை இருக்க ஊராட்சிக்குக் கிராம சபையில 100 பேராவது இருக்கணும்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. எங்க ஊர்ல கொடியேத்துற அன்னைக்கு முப்பது நாப்பது பேரு இருந்தாப் பெருசு. மத்த கையெழுத்தை நூறு நாள் வேலை நடக்குற எடத்துல நோட்டைக் கொண்டுவந்து வாங்கிட்டுப் போவாங்க. எங்க குழுப் பொம்பளைகளே போட்டிருக்காங்க, அது எதுக்குன்னு தெரியாம. இதையும் சொல்லலாமா?

நோட்டீசுக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

"தலைவர் அவர்களுக்கு நாலு கேள்வி. காலனித் தெருக் குழாயில் இதுவரை தண்ணீர் வராதது ஏன்? குடிநீருக்கு வந்த நிதி எங்கே போனது? நாங்கள் காசு போட்டுச் சரி செய்த மோட்டாருக்குக் கணக்கு எழுதியது ஏன்? நகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போடாதது ஏன்?"

பழைய பேரேடு எழுதியது:

முதல் கேள்வி அருமை, அப்படியே விடுங்கள். இரண்டாவதில் "எங்கே போனது" என்றால் திருடியதாகச் சொல்வது போல ஆகிவிடும். "எந்த வேலைக்கு, எவ்வளவு செலவானது?" என்று மாற்றி, தளத்தில் பார்த்த தொகையையும் வருடத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். மூன்றாவதை வவுச்சர் வரும்வரை அச்சடிக்காதீர்கள். வந்து பொருந்திவிட்டால் இரண்டு பில்லையும் நோட்டீசிலேயே அச்சிடலாம்.

நாலாவதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். நகராட்சியோடு சேர்ப்பதை முடிவு செய்வது அரசு, ஊராட்சித் தலைவர் அல்ல. கிராம சபைத் தீர்மானம் ஆட்சேபணையாகப் போகும், அவ்வளவுதான். ஆகவே "தலைவர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம்" என்கிற தொனி வரக் கூடாது. "நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு உரியது. ஊர் நகராட்சியோடு சேர்ந்தால் இந்த வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதில் தலைவரின் நிலை என்ன?" என்று கேளுங்கள். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்கள் பெண்களுக்கு அவர் நிலை தெரிந்துவிடும்.

கிராம சபைக் கையெழுத்தைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் போட்ட பெண்கள் தாங்களே எழுந்து சொல்ல முன்வந்தால்தான். அவர்கள் பெயரை நீங்கள் எடுக்காதீர்கள்.

மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் முகவரிக்கு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். மனுவை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.