சுவிஸில் நடந்த ஒரு சந்திப்பு, இன்னும் உங்களை அரித்துக்கொண்டிருப்பது எது?

மாவுக்கை:
பிரஜாவுரிமை விசாரணை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஊர்க் கொமிசன் ஆட்கள். ஏழு மந்திரிமார், மாநிலங்கள், ஆரே நதி எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. ஓரத்தில் இருந்த ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசியில், “ஊருக்குள்ளே சாமான் வாங்குவீர்களா? நம்முடைய பேக்கரி எங்கே இருக்கிறது என்று தெரியுமா?” என்று கேட்டார். “அங்கேதான் வேலை செய்கிறேன். நீங்கள் ஞாயிறு காலையில் சாப்பிடும் ட்சொப்ஃப் பின்னல் பாண் நான் பின்னியது” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஆனால் உங்களை நான் கண்டதே இல்லையே” என்று சொல்லி, குனிந்து எதையோ எழுதினார். இரவு இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவனை எங்கே காண்பது? பாஸ்போர்ட் கைக்கு வந்து வருடங்களாகிவிட்டன. அந்த ஆள் அன்று என்ன எழுதினார் என்பது மட்டும் இன்னும் மண்டையைக் குடைகிறது.

மூன்றாம் மாடி:
நான் சென்ட் கேலனில் இருக்கிறேன், சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன். எல்லோருக்கும் போல எனக்கும் நிலவறைத் துணி துவைக்கும் அறைதான். அட்டவணை, சாவி, மெஷினின் ரப்பர் விளிம்பைத் துடைத்து வைப்பது பற்றியெல்லாம் தனி இழை போடலாம், விடுங்கள். எனக்கு முந்தின முறை கீழ்வீட்டுப் பாட்டியுடையது. ஒரு நாள் நான் இறங்கிப் போனபோது, அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல் வாக்குச்சீட்டை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். வருடத்துக்கு நாலு தடவை வருமே, அந்த உறைதான். “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எனக்கு ஓட்டு இல்லை, பி விசாதான், தற்காலிக வதிவு அனுமதி என்றேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “எனக்கும் 34 வயது வரை இல்லை.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1971. இங்கே பெண்களுக்கு நாட்டளவில் வாக்கு கிடைத்த வருடம். அதற்கு முன் 1959இல் கேட்டபோது ஆண்கள் மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். அவர் பிறந்த மாநிலம் அப்பென்செல் இன்னர்ரோடன். அங்கேயே தங்கிவிட்ட அவருடைய அக்கா, மாநில விஷயத்துக்காக ஊர் மைதானத்தில் முதன்முதலாகக் கை தூக்கி வாக்களித்தது 1991இல். அதுவும் முந்தின வருடம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. நான் வாயைத் திறப்பதற்குள், “துணி ஆயிற்று, மெஷின் உங்களுடையது” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆறுதல் சொன்னாரா, கிண்டல் செய்தாரா?

ஆரைக்கரை அண்ணை:
மாவுக்கை தம்பி, கோபிக்க வேண்டாம். உங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. லுட்சேர்ன் மாநிலத்து எமென் ஊரில் 2000இல் விண்ணப்பக்காரரின் விவரங்களை அச்சடித்து வீடு வீடாக அனுப்பி வாக்கெடுப்பு வைத்தார்கள். இத்தாலியர்கள் தேறினார்கள், யூகோஸ்லாவியப் பக்கத்து ஆட்கள் அடிபட்டுப் போனார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும், பெட்டியில் போடும் வாக்கு காரணம் சொல்லாது என்று அதை நிறுத்தியது. இன்று ஓரத்தில் ஒருவர் எதையோ எழுதினார் என்று கவலைப்படுகிறோம்!

இனி விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். 2018 சட்டத்தின்படி கையில் சி விசா, அதாவது நிரந்தர வதிவு அனுமதி, இருக்க வேண்டும், 10 வருட வதிவு வேண்டும். 8 முதல் 18 வயது வரை இங்கே இருந்த காலம் இரட்டிப்பாகக் கணக்காகும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மொழியில் பேச்சுக்கு பி1 தரம், எழுத்துக்கு ஏ2 தரம். கடைசி மூன்று வருடத்தில் சமூக உதவிப் பணம் எடுத்திருந்தால் சிக்கல். கட்டாத பில் ஒன்று கடன் பதிவேட்டில் ஏறியிருந்தாலும் ஆயிரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும், காப்புறுதிக்காரனோடு சண்டை என்றாலும் முதலில் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். அப்புறம், ஊர்ச் சங்கம் ஒன்றிலாவது சேருங்கள். தொண்டர் தீயணைப்புப் படை மிகவும் நல்லது, ஊரே உங்களைப் பார்க்கும். கோயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நமக்குப் பெரிதுதான், ஆனால் கொமிசன்காரர் அங்கே வருவதில்லை.

என்னுடைய சந்திப்பா? ஓகஸ்ட் முதலாம் தேதி, சுவிஸ் தேசிய தினத்தில், நெருப்பு மூட்டும் இடத்தில் ஒரு விவசாயி என் தோளைத் தட்டி, “தமிழரா? நல்ல உழைப்பாளிகள்” என்றார். 80களில் தோல் ஜாக்கெட் போட்ட தமிழன் என்றாலே போதைப்பொருள்காரன் என்று பத்திரிகைகள் எழுதிய நாடு இது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பீல் பிள்ளை:
அண்ணை, தீயணைப்புப் படையில் எல்லோராலும் சேர முடியாது. இரவு வேலை செய்கிறவர் எப்போது போவார்? சரி, விடுங்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பீல் ஊரில் ஜெர்மனும் பிரெஞ்சும் சமமாகக் கேட்கும் என்று சொல்வார்கள். எங்கள் மாடியில் இரவில் இத்தாலியன்தான் கேட்கும். மறதி நோய் வந்தால் பிற்பாடு படித்த பாஷைதான் முதலில் போகிறது. ஒரு அம்மா, கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாசல் மணி அடித்தால் என் கையைப் பிடித்து இழுத்து, அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே போ என்று தள்ளுவார். விரலை உதட்டில் வைப்பார். அவருடைய மெலிந்த கைக்கு அப்போது வரும் பலத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் பயந்துபோனேன். மகன் வந்தபோது கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “அது நான்தான்” என்றார்.

பருவகாலத் தொழிலாளர் விசாவில் ஒன்பது மாதம் வேலை செய்யலாம், குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அப்படியும் கூட்டிவந்து ஒளித்து வளர்த்தார்கள். பகலெல்லாம் திரைச்சீலை மூடியிருக்கும், அழக்கூடாது, ஓடக்கூடாது. அந்த விசா 2002 வரை இருந்தது என்றால் நம்புவீர்களா? வெளிநாட்டவரைப் பத்து வீதத்துக்குள் குறைக்க வேண்டும் என்று ஷ்வார்ட்சென்பாக் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த வாக்கெடுப்பு 1970 ஜூனில். 54 வீதம் வேண்டாம் என்றதால் அது தோற்றது. போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், மூன்றாம் மாடியின் பாட்டிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. இப்போது நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அந்த அம்மாவைக் குளிப்பாட்டுவதும் இலங்கைப் பிள்ளை, எரித்திரியாப் பிள்ளை, போர்த்துக்கல்காரி.

மேலாளர் அலுமாரியைப் பூட்டச் சொன்னார். பூட்டிய பிறகு மணி அடித்தபோது அவர் கைப்பிடியை ஆட்டி ஆட்டி அழுதார். இப்போது நாங்கள் பூட்டுவதில்லை, மணி அடித்தால் உள்ளே போய் நிற்கிறேன்.

மாவுக்கை:
அண்ணைக்கு: நான் புத்தி கேட்கவில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது, கடன் இல்லை.
தங்கச்சி, உங்கள் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆரைக்கரை அண்ணை:
மற்றவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதினேன். அந்தக் குறிப்பு என்ன என்று அவ்வளவு அரித்தால், உங்கள் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு உரிமை உண்டு. ஆனால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நொஷாத்தெல்:
மூன்றாம் மாடிக்கு: பிரெஞ்சுப் பக்கம் வந்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு ஊர் மட்டத்தில் வாக்கு என்று எங்கள் நொஷாத்தெல் மாநிலம் முதலில் கொடுத்தது 1849இல். சி விசாவும் ஐந்து வருட வதிவும் இருந்தால் மாநில வாக்கும் உண்டு. ஜூரா மாநிலத்திலும் மாநில வாக்கு உண்டு, நிபந்தனைகள்தான் வேறு. நாடு முழுவதற்குமான வாக்கு மட்டும் எங்கேயும் கிடையாது.

போன தேர்தலுக்கு முன்னால் பழைய காகிதம் எடுக்கும் நாள். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல்காரர் அழகாக நூல் போட்டுக் கட்டிவைத்த காகிதக் கட்டில், நடுவே, பிரிக்காத வாக்கு உறை. எனக்குப் பொறுக்கவில்லை. மணியடித்துக் கேட்டேன். “போட்டால் மட்டும் வாடகை குறையுமா?” என்றார். ஒரு நல்ல கோப்பி தந்தார். மறுபடி சொன்னேன், மறுபடி கோப்பி.

பீல் பிள்ளை:
உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்களா?

நொஷாத்தெல்:
அடுத்தவர் கட்டிய காகிதக் கட்டை அவிழ்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓட்டினாலும் மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள். லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.