கூட்டத்தில் தலையாட்டுகிறவர்களை மனசில் உள்ளதைப் பேச வைப்பது எப்படி?

திருவட்டாறு பக்கம் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். வங்கிக் கடனில் தேனீப் பெட்டி வாங்குவதா, ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின் வாங்குவதா என்று ஓணத்திலிருந்து முடிவாகவில்லை. மாசியில் ரப்பர் தளிர்க்கும்போதுதான் இங்கே தேன் வரத்து. அதற்குள் பெட்டி வைத்தாகணும்.

மூத்த அக்கா முதலிலேயே மிஷின் என்று சொல்லிவிடுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் பாதிப்பேர் என்னிடம் "எனக்கு இஷ்டமில்ல மக்ளே" என்கிறார்கள். பலர் முன்னால் சொல்லிவிட்டதால் அக்காவுக்கும் இறங்கி வர முடியவில்லை. குழுவை வளர்த்ததே அவர்தான், அவர் மனம் நோகக்கூடாது.

கை தூக்கச் சொன்னோம், பழைய கதைதான். சீட்டில் எழுதியபோது 7க்கு 7. யார் எழுத்து இது என்ற சண்டைதான் மிச்சம். வெளியாள் ஒருவரை வைத்துப் பேசினோம், அவர் முன்னால் யாரும் வாயே திறக்கவில்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய சோதனைகளில், கூட ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலே கூட்டத்துக்கு இணங்குவது வெகுவாகக் குறைந்தது. அதை நம்பி ஒருத்தியை முதலில் பேச வைத்தேன். அக்காவை எதிர்ப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவின் மரியாதை குறையாமல், மற்றவர்கள் கூட்டத்திலேயே மனம் திறக்க உங்கள் குழுவில் எந்த வழி பலித்தது?