கோவில் வாசலில் வௌவாலுக்குக் கையெழுத்து, நான் போடவில்லை

மாப்பு தோட்டக்காரர்:
இங்கே மொரிஷியஸில் எங்கள் கோவிலில் கந்த சஷ்டி முடிந்து பிரசாதத்தோடு வெளியே வருகிறேன், வாசலில் நாலு பிள்ளைகள் காகிதத்தை நீட்டி "வௌவாலைச் சுடக்கூடாதுன்னு அரசாங்கத்துக்கு மனு மாமா, ஒரு கையெழுத்து" என்கிறார்கள். போடவில்லை. வீட்டில் இரண்டு லிச்சி மரம், அப்பா வைத்தது. போன டிசம்பரில் காய் சிவந்த மூன்றாம் நாள் ராத்திரி வந்தன. தகர டப்பாவைக் கிளையில் கட்டி, கயிற்றை ஜன்னல் வழியாக இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். விடிந்து பார்த்தால் மரத்தடி முழுக்க மென்று துப்பிய சக்கை, பாதி கடித்த பழம், எறும்பு. சீசன் தொடக்கத்தில் லிச்சியை எண்ணி விற்கிற ஊர் இது, ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருந்தேன். வௌவாலுக்கு மனு எழுதுகிறவர்கள் எனக்காக ஒன்று எழுதினீர்களா?

மலைநடை:
அண்ணா, அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. மனுவைப் படிக்காமலே போய்விட்டீர்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: இனிச் சுட வேண்டாம், அந்தப் பணத்தை வலைக்குக் கொடுங்கள். 2015-இல் புதுச் சட்டம் போட்டுச் சுட ஆரம்பித்தார்கள், பிறகு 2016, 2018, 2020. பல்லாயிரம் செத்தன. 2018-இல் ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) நம் வௌவாலை ஆபத்திலுள்ள இனம் என்ற வகைக்கு மாற்றியது. சரி, இவ்வளவு சுட்டும் உங்கள் லிச்சி தப்பித்ததா?

மாப்பு தோட்டக்காரர்:
தப்பவில்லை, நீ சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் தங்கச்சி. இன்னும் ஏராளமாக இருக்கிறது, அதனால்தான் வருகிறது. எங்கோ உட்கார்ந்து ஆபத்து என்று எழுதுகிறவர்கள் சாயங்காலம் என் கூரைக்கு மேல் போகிற கூட்டத்தை வந்து எண்ணட்டும்.

மலைநடை:
ஊருக்குள் கூட்டமாகத் தெரிவதற்குக் காரணம் காட்டில் தின்ன ஒன்றும் இல்லாதது. டச்சுக்காரன் கருங்காலியை வெட்டினான், பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மிச்சத்தை அழித்துக் கரும்பு போட்டார்கள். இன்று நல்ல நிலையில் இருக்கிற பூர்வீகக் காடு தீவில் 2 சதவீதம்கூட இல்லை, அதிலும் சீனக் கொய்யா புகுந்து நெரிக்கிறது (ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுக்காட்டுக்குக் குடும்பத்தோடு போய் வாளி வாளியாகப் பறிக்கிறோமே, அதேதான், நானும் போவேன்). டோடோ பறவை போச்சு, பெரிய ஆமைகளும் போச்சு. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட, பெரிய பிராணி என்று காட்டில் மிஞ்சியது இந்த வௌவால் ஒன்றுதான். நம் தீவை விட்டால் ரீயூனியனில் கொஞ்சம் இருக்கிறது, வேறெங்கும் கிடையாது. தாய் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு பெரிய புயல் அடித்தாலே கூட்டம் கூட்டமாகச் சாகும், அதன்மேல் துப்பாக்கியும் என்றால்? 1974-இல் நம் வல்லூறு காட்டில் நாலே நாலு இருந்தது. அதையே காப்பாற்றியிருக்கிறோம்.

மாப்பு தோட்டக்காரர்:
வல்லூறு லிச்சி தின்னாது.

தேவாரம் டீச்சர்:
சண்டையில் நுழைகிறேன், மன்னிக்கவும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நம் முன்னோர் அந்த மண்ணிலிருந்துதானே வந்தார்கள். முருகன் வாசலில் ஓர் உயிருக்குக் கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா?

காத்ர் போர்ன் ராசா:
டீச்சர், கதையைப் பாதியோடு நிறுத்துகிறீர்கள். 1972-இல் வந்த இந்திய வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் அப்படித்தான். வேட்டங்குடிக் கொக்கு யார் வீட்டு வருமானத்தையும் தின்பதில்லை. பக்தியை இழுக்காமல் பேசுவோம்.

தேவாரம் டீச்சர்:
சட்டம் அப்படி இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியாது. ஆனால் பிறகு ஏன் திருத்தினார்கள் என்றும் யோசியுங்கள் தம்பி.

வலைக்காரன்:
ஆறு வருஷமாக வலை கட்டிக் கொடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதலில், எல்லாப் பழியும் வௌவால்மேல் இல்லை. பகலில் மைனா கொத்துகிறது, கொண்டைக்குருவி கொத்துகிறது (1892-இல் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்ததாம், நம்மைப் போல), காடு பக்கத்தில் இருந்தால் குரங்கு வேறு. சுட்டால் இதில் எது நிற்கும்? வலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் நம் ஆட்கள் வலையை மரத்தின்மேல் போர்வை மாதிரி எறிந்துவிட்டுப் போகிறார்கள். வௌவால் வெளியே தொங்கிக்கொண்டே வலையோடு சேர்த்துப் பழத்தைக் கடிக்கும். தொளதொள நைலான் என்றால் இறக்கை மாட்டிக்கொள்ளும். ஒருமுறை காலை ஐந்து மணிக்கு ஒன்றைக் கத்தரித்து எடுத்தேன், விரல் எலும்பில் நூல் இறுகி ரத்தம் கட்டியிருந்தது, வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நாலு மூலையில் கம்பம் நட்டு, மரத்தைத் தொடாமல், மேளத்துத் தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு மரம் உயரமாக இருக்கக் கூடாது. அறுவடை முடிந்ததும் உச்சியை வெட்டி இறக்கிவிட்டால் ஏணியிலிருந்தே பழம் எட்டும்.

மாப்பு தோட்டக்காரர்:
பேச நன்றாக இருக்கிறது. என் மரம் மாடி வீட்டை விட உயரம். மானிய வலைக்குப் படிவம் கொடுத்துவிட்டு அலைந்தவன் நான், கூப்பிட்டுச் சொன்னபோது பழமே முடிந்துவிட்டது. அப்புறம் கம்பம், ஆள் கூலி எல்லாம் என் கையிலிருந்து. தோட்டம் வைத்திருக்கும் பெரிய ஆட்களுக்கு அது கட்டும். இரண்டு மரக்காரனுக்குக் கட்டாது. இதற்கு மனுவில் என்ன பதில்?

மலைநடை:
நேர்மையாகச் சொன்னால், இல்லை. வலைக்குக் கொடுங்கள் என்று மட்டும்தான் எழுதினோம். கம்பமும் கூலியும் மானியத்தில் சேர வேண்டும், படிவம் செப்டம்பருக்குள் முடிய வேண்டும் என்று இன்று ராத்திரியே சேர்க்கிறேன். கிராம சபைக்கும் தனியாக ஒன்று எழுதலாம்: கம்பமும் ஏணியும் பொதுவில் வாங்கி, தெருத் தெருவாக மாற்றிக் கட்டலாம் அல்லவா?

காத்ர் போர்ன் ராசா:
எல்லா மரமும் ஒரே வாரத்தில் பழுக்கும்போது எப்படி மாற்றிக் கட்டுவீர்கள்?

வலைக்காரன்:
அதுவும் சரிதான், கம்பம் தெருவுக்கு ஒரு செட் வேண்டியிருக்கும். தோட்டக்கார அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வந்து மரத்தைப் பார்க்கிறேன், காசு வேண்டாம். இந்த வருஷம் உச்சியை விட்டுவிடுவோம், கீழ்க் கிளைகளுக்கு மட்டும் கட்டலாம்.

மாப்பு தோட்டக்காரர்:
வா. ஆனால் அப்பா வைத்த மரம், உச்சியை வெட்டச் சொன்னால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். தங்கச்சி, அந்தக் கம்பம், கூலி வரியை எழுதிக் கையோடு கொண்டு வா. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், போடுவேன் என்று இப்போது சொல்லவில்லை.