பாம்பன் பாலத்தில் சைக்கிள்: ஓரமா, நடுவா?

மண்டபத்திலிருந்து தங்கச்சிமடத்துக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். 22 இஞ்ச் ஹெர்குலிஸ், கியர் கிடையாது. எட்டு மாதமாகிறது. மற்ற இடங்களில் சமாளித்துவிடுகிறேன், பாம்பன் சாலைப் பாலத்தில்தான் முடியவில்லை.

1988இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், போக ஒரு தடம் வர ஒரு தடம். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கியதிலிருந்து பயமாகவே இருக்கிறது. காலையில் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும், அதற்கு ஈடாக வலதுபுறம் சாய்ந்து மிதிப்பேன். பஸ் ஒட்டிக் கடக்கும்போது காற்று சட்டென்று மறைகிறது, வண்டி பஸ் பக்கமே சரிகிறது. பஸ் போனதும் காற்று மறுபடி அறைந்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. மாலையில் இன்னும் மோசம், காற்று இடப்பக்கமிருந்து வாகனங்கள் மேலேயே தள்ளும். போன வாரம் ஒரு சுற்றுலா வேனின் கண்ணாடி முழங்கையில் உரசியது.

பின்னால் சிவப்பு விளக்கு, வலது கைப்பிடியில் கண்ணாடி, ஒளிரும் மேலங்கி எல்லாம் போட்டாயிற்று. கேரியரில் கட்டும் பையைத் தோளுக்கு மாற்றினேன். காலை ஆறு மணிக்கே கிளம்பியும் பார்த்தேன், ராமேஸ்வரம் வண்டிகள் அப்போதே வந்துவிடுகின்றன. நடைமேடையில் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் படம் எடுக்க நிற்பவர்கள் கூட்டம். ஓரமாகப் போனால் ஒட்டி முந்துகிறார்கள், நடுவில் போனால் விடாமல் ஹாரன். பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் என் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை.

காற்றுக் காலத்தில் இந்தப் பாலத்தைச் சைக்கிளில் கடப்பவர்கள் சொல்லுங்கள்: பஸ் பின்னால் வரும்போது தடத்தின் நடுவிலேயே போவீர்களா, ஓரத்துக்கு ஒதுங்குவீர்களா?