லூகாவைக் கேட்காமலேயே அனுப்ப முடிகிறதே, அப்புறம் ஃப்ரீ ஏஜென்சி எதற்கு?

அரைத்தூக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நான் என்.பி.ஏ. (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) பார்க்க ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. 2024 ஃபைனல்ஸில் டாலஸ் 4-1 என்று பாஸ்டனிடம் தோற்றதே, அப்போதுதான் லூகா டான்சிச் மேல் பைத்தியம் பிடித்தது. காலை ஆறு மணிக்கு எழுந்து மேட்ச் பார்த்துவிட்டு ஆபீஸில் தூங்கி வழிகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துப் பார்த்தால் டாலஸ் அவரை டிரேடில் கொடுத்துவிட்டது, லூகா லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் இருக்கிறார். 25 வயது, டீமை ஃபைனல்ஸ் வரை இழுத்துக்கொண்டு போன ஆள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

ஐ.பி.எல்.லில் ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனை வாங்கியபோது எனக்கும் வயிறு எரிந்தது, ஆனால் அங்கே வீரர் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது. இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. ஃப்ரீ ஏஜென்ட், ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்களே, அதில் யார் ஃப்ரீ?

இன்னொரு சந்தேகம். பணக்கார டீம் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்றுதானே சேலரி கேப் (டீமின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு) வைத்திருக்கிறார்கள், பிறகு எப்படி நட்சத்திரங்கள் சுற்றிச் சுற்றி லேக்கர்ஸ் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள்? என் ரூம்மேட் "எல்லாம் ஸ்கிரிப்ட்டுடா" என்கிறான். வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டாலஸுக்கே, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கான குலுக்கலில் முதல் பிக் (முதலில் எடுக்கும் வாய்ப்பு) விழுந்து கூப்பர் ஃப்ளாக் கிடைத்ததிலிருந்து அவனிடம் வாய் கொடுக்க முடியவில்லை.

பழைய பந்து

ரெண்டையும் தனித்தனியாகப் பாருங்கள் தம்பி. கான்ட்ராக்ட் ஓடுகிறவரை உங்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், சம்பளம் மட்டும் சொன்னபடி வந்துவிடும். அது முடிகிற அன்றைக்குத்தான் நீங்கள் ஃப்ரீ. டிரேடை மறுக்கும் உரிமையைக் கான்ட்ராக்டில் எழுதி வாங்க வழி உண்டு, ஆனால் லீகில் எட்டு வருடம், அதே டீமில் நாலு வருடம் ஆடியிருக்க வேண்டும். லூகாவுக்கு அது ஏழாவது சீசன். தகுதி இருப்பவர்களிலும் அதை வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், பிராட்லி பீல் மாதிரி.

இந்த அரைகுறை சுதந்திரமே சண்டை போட்டு வாங்கியது. ஒரு காலத்தில் கான்ட்ராக்ட் முடிந்தாலும் பழைய டீமின் பிடி விடாது. வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970ல் லீக் மேல் கேஸ் போட்டார், 1976ல் சமரசம் ஆனது, அப்போதும் கதவு பாதிதான் திறந்தது. பழைய டீமின் தடையே இல்லாமல் முழுசாக வெளியே நடந்த முதல் ஆள் டாம் சேம்பர்ஸ், 1988ல், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு.

கேப் விஷயம். 1984-85ல் கொண்டுவந்தபோது ஒரு டீமுக்கு 36 லட்சம் டாலர், 2024-25ல் 14 கோடி சொச்சம். பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஓட்டுக்கு ஓடு இடைவெளி விட்ட கூரை. சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம், அந்த விலக்குக்கு பாஸ்டனின் பழைய நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். டிரேட் என்றால் இரண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான், ஏற்கனவே வரம்புக்கு மேலே இருக்கிறாயே என்று யாரும் கேட்கமாட்டார்கள். லூகாவுக்கும் ஆந்தனி டேவிஸுக்கும் அந்த சீசன் தலைக்குச் சுமார் 4.3 கோடி டாலர். தராசில் வைத்தால் முள் அசையாது. கூடக் கொஞ்சம் கொசுறாக மேக்ஸ் கிறிஸ்டியும் 2029ன் முதல் சுற்று பிக்கும் டாலஸுக்குப் போயின.

லேக்கர்ஸ் கதையில் கேப்பைவிட ஊர்தான் பெரிய காரணம். கரீம் 1975ல் மில்வாக்கி வேண்டாம் என்று கேட்டு வந்தார், ஷக் 1996ல் ஆர்லாண்டோவிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக வந்தார், லெப்ரான் 2018ல், நியூ ஆர்லியன்ஸில் அடம்பிடித்துவிட்டு டேவிஸ் 2019ல். லாஸ் ஏஞ்சலஸ் வெயிலுக்கும் கடற்கரைக்கும் எந்த விதியில் வரம்பு போடுவீர்கள்?

பிளேனோ வாசி

நான் டாலஸ் பக்கம்தான் இருக்கிறேன், எங்கள் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். டிரேட் நடந்த மறுநாள் அரங்கத்துக்கு வெளியே எங்கள் பழைய நாயகன் நோவிட்ஸ்கியின் சிலைப் பக்கம் ஒரு சவப்பெட்டியையே கொண்டுவந்து வைத்தார்கள். சத்தியமாக. பூங்கொத்து வேறு.

ஏப்ரல் 9ம் தேதி லூகா லேக்கர்ஸ் சட்டையோடு முதல்முறை திரும்பி வந்தார். டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை இங்கே எழுதமாட்டேன், மனைவியும் இந்தத் தளத்தைப் படிக்கிறாள். ஒவ்வொரு இருக்கையிலும் ஸ்லோவேனிய மொழியில் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று அச்சடித்த டி-ஷர்ட் மடித்து வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்து அவருடைய பழைய ஆட்டங்களை வீடியோவாகப் போட்டார்கள், மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் 45 பாயின்ட் அடித்தார். எங்கள் டீமை அடிக்கிறார், நாங்கள் கை தட்டுகிறோம், நடுநடுவே மேனேஜர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி மொத்தக் கூட்டமும் கத்துகிறது. அந்த நவம்பரில் தூக்கினார்கள், எங்களுக்குத்தான் காலம் கடந்திருந்தது.

யாரும் சரியாகப் பேசாத ஒன்று பணம். ஆரம்ப வருடங்களிலிருந்து ஆடிய டீமிலேயே இருந்தால் மட்டும் கிடைக்கிற சூப்பர்மேக்ஸ் என்று ஒரு பெரிய கான்ட்ராக்ட் உண்டு. சின்ன ஊர்க்காரர்கள் தங்கள் நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் 2017ல் கொண்டுவந்தார்கள். லூகாவுக்கு ஐந்து வருடத்துக்குச் சுமார் 34.5 கோடி டாலர் வர வேண்டியது. அனுப்பிவிட்டதால் அந்தத் தகுதியே போனது. ஆகஸ்டில் லேக்கர்ஸில் மூன்று வருடத்துக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். நிலைத்து நிற்கிறவனுக்கு என்று வைத்த பரிசு, அவன் நிற்கத் தயாராக இருந்தான், டீம்தான் நகர்த்தியது.

கடைசி வரிசை

ஐயோ பாவம் வீரர்கள் என்று எல்லாரும் ஒரே பக்கமாக ஒப்பாரி வைக்கிறீர்கள். 2010ல் லெப்ரான் டி.வி. நிகழ்ச்சி வைத்து மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தாரே, கிளீவ்லாந்து ரசிகனுக்கு யார் டி-ஷர்ட் கொடுத்தது? 2016ல் கெவின் டுராண்ட்? ஓக்லஹோமாவில் இருந்துகொண்டு கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று மடக்கி வைத்திருந்து, அங்கிருந்து தோற்று, அதே கோடையில் போய் அவர்களோடேயே சேர்ந்தார். 73 மேட்ச் ஜெயித்த டீமில்! அடுத்த பிளேஆஃபில் 16 ஜெயித்து ஒன்றே ஒன்று தோற்றார்கள். ரெண்டு வருடம் நான் ஃபைனல்ஸ் பார்க்கவே இல்லை, முடிவு தெரிந்த பரீட்சைக்கு யார் தூக்கம் கெடுவது.

அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி வரம்பு என்றால் வரம்பு என்று கறாராகப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. விலக்கு, விலக்குக்கு விலக்கு எல்லாம் எதற்கு?

பழைய பந்து

@கடைசி வரிசை, டுராண்டைத் திட்டுங்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் அங்கே போக இடம் எப்படி வந்தது? புது டி.வி. ஒப்பந்தப் பணம் மொத்தமாக வந்து இறங்கி, கேப் ஒரே வருடத்தில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் கேட்டது, வீரர்கள் சங்கம் மாட்டேன் என்றது. இன்னொரு பக்கம் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கரி, கணுக்கால் காயத்தோடு தடுமாறிய காலத்தில் போட்ட கான்ட்ராக்டில் வருடத்துக்குச் சராசரியாக 1.1 கோடி டாலருக்கு ஆடிக்கொண்டிருந்தார், லீகின் எம்.வி.பி. (சிறந்த வீரர்)! இந்த ரெண்டும் ஒரே கோடையில் சேர்ந்தது. திரும்ப நடக்காது என்பதற்காகவே இப்போது கேப் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஐசையா தாமஸ் கதை. 2017 ஏப்ரலில் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தார், மறுநாள் பாஸ்டனுக்காகப் பிளேஆஃப் ஆடினார். மே மாதம், அந்தப் பெண்ணின் பிறந்தநாளன்று, 53 பாயின்ட். இடுப்பு காயத்தோடுதான் அந்தப் பிளேஆஃபில் ஓடினார், கடைசியில் அந்தக் காயமே பாதியில் உட்கார வைத்தது. ஆகஸ்டில் கைரி அர்விங்குக்காக அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த இடுப்பு அப்புறம் சரியாகவே இல்லை, அவர் எதிர்பார்த்த பெரிய கான்ட்ராக்டும் வரவில்லை. பாஸ்டன் செய்தது தப்பு என்றுகூட நான் சொல்லவரவில்லை, டீமின் கணக்கில் அது சரியான டிரேடாக இருக்கலாம். டீம் கணக்குப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம், ஆள் கணக்குப் பார்த்தால் துரோகம் என்றால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலாவது குவார்ட்டர்

லேக்கர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது தெரியாது. 2025 ஃபைனல்ஸில் ஆடியது ஓக்லஹோமா சிட்டியும் இந்தியானாவும், ரெண்டும் சின்ன ஊர். ரெண்டும் எப்படி அங்கே வந்தன என்று நூல் பிடித்துப் போங்கள், பால் ஜார்ஜ் என்ற ஒரே ஆளிடம் போய் முட்டும்.

2017ல் அவர் இந்தியானாவில் இருக்கமாட்டேன் என்றார். இந்தியானா அவரை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து ஒலடிப்போவையும் சபோனிஸையும் வாங்கியது, ஏமாந்துவிட்டார்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். 2022ல் அந்த சபோனிஸைச் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து ஹாலிபர்டனை எடுத்தார்கள். ஓக்லஹோமா பக்கம், 2019ல் ஜார்ஜ் மறுபடியும் கிளம்பவேண்டும் என்றார், கவாய் லெனர்டோடு சேர கிளிப்பர்ஸுக்கு. பதிலுக்கு ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், காலினாரி, ஐந்து முதல் சுற்று பிக், போதாததற்கு ரெண்டு பிக் மாற்றும் உரிமை. அந்த பிக்குகளில் ஒன்றுதான் 2022ல் 12வதாக எடுத்த ஜாலன் வில்லியம்ஸ். ஏழாவது மேட்ச் வரை போய் ஓக்லஹோமா கோப்பையைத் தூக்கியது. கிளம்புகிறேன் என்று சொன்ன நட்சத்திரத்தால் ரெண்டு ஊர் பிழைத்திருக்கிறது. முதல் டிரேடைக் கிளப்பியது ஃப்ரீ ஏஜெண்டாகப் போய்விடுவான் என்ற பயம், இரண்டாவதைக் கிளப்பியது அப்போது ஃப்ரீ ஏஜெண்டாக இருந்த லெனர்ட், ஆகவே அரைத்தூக்கம், ரெண்டும் எதிரெதிர் இல்லை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா. 2019 முதல் 2025 வரை ஏழு வருடம், ஏழு சாம்பியன். லீக் வரலாற்றில் இதற்கு முன் நடந்ததில்லை.

அரைத்தூக்கம்

அடேங்கப்பா, பால் ஜார்ஜ் விஷயம் தெரியவே தெரியாது. சரி, இந்த "செகண்ட் ஏப்ரன்" என்கிறார்களே, அது என்ன? 2024ல் ஜெயித்த பாஸ்டன் அடுத்த வருடமே ஆட்களைத் தள்ளிவிட்டதற்கு அதுதான் காரணம் என்று படித்தேன். நன்றாக டீம் கட்டியதற்குத் தண்டனையா?

நாலாவது குவார்ட்டர்

ஆமாம், ஒருவகையில் தண்டனைதான். சம்பளம் அளவுக்கு மீறினால் டீம் கட்டுகிற லக்சுரி டாக்ஸுக்கும் மேலே இன்னொரு கோடு, லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் வந்தது. முன்பெல்லாம் முதலாளிக்குப் பணம் இருந்தால் வரி கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இப்போது அந்தக் கோட்டைத் தாண்டினால் பணத்தால் தீராது, கையைக் கட்டிவிடுவார்கள். ரெண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, கொடுத்ததைவிட ஒரு டாலர் கூட அதிகமாகத் திரும்ப எடுக்க முடியாது, ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று பிக்கை விற்கவே முடியாது.

பாஸ்டனுக்கு சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தொடும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய நட்சத்திரம் டேட்டமுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஜூரு ஹாலிடே போர்ட்லாந்துக்கு, போர்ஜிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. இன்னொரு பக்கம் ஃபீனிக்ஸ்: டுராண்ட், புக்கர், பீல் மூவரையும் வைத்துக்கொண்டு 2024-25ல் லீகிலேயே அதிக சம்பளம் கொடுத்தார்கள், 36 ஜெயித்து 46 தோற்றார்கள். பீலை யாரிடமும் தள்ளவும் முடியவில்லை, டிரேடை மறுக்கும் உரிமை அவர் கையில். கடைசியில் கான்ட்ராக்டைப் பேசித் தீர்த்துத்தான் அனுப்பினார்கள்.

ஓக்லஹோமாவுக்கும் இந்தக் கோடு காத்திருக்கிறது. ஷே, வில்லியம்ஸ், ஹோம்கிரென் மூன்று பேருக்கும் 2025 கோடையிலேயே பெரிய கான்ட்ராக்ட் எழுதியாகிவிட்டது.

கடைசி வரிசை

அதையும் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிட்டார்கள் அண்ணே. இந்தியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரை இழுக்க மில்வாக்கி என்ன செய்தது? பாக்கி 11 கோடி டாலர் கொடுக்கவேண்டிய லில்லர்டை வெட்டிவிட்டு அந்தப் பணத்தை ஐந்து வருடத்துக்குத் தவணையாக நீட்டியது. ஃபைனல்ஸ் ஆடிய டீமின் சென்டர் இலவசமாகப் போனான், பதிலுக்கு இந்தியானாவுக்கு ஒரு பிக்கூடக் கிடைக்கவில்லை. இதையா சமநிலை என்கிறீர்கள்?

பழைய பந்து

அந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், எப்போதாவதுதான் நடக்கும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம், உங்கள் ரூம்மேட்டுக்கு ஒன்று பாக்கி. குலுக்கலில் அடிமட்ட மூன்று டீமுக்கும் சமமாக 14 சதவீதம்தான் என்று 2019லிருந்தே மாற்றிவிட்டார்கள், வேண்டுமென்றே தோற்று வருகிறவர்களை அடக்க. அதனால் கீழே இருப்பவன் தவறுவதும் நடுவில் இருப்பவனுக்கு விழுவதும் முன்னைவிட அதிகம். அந்த வருடம் 17 மேட்ச் மட்டும் ஜெயித்து கடைசியில் கிடந்த யூட்டாவுக்கு ஐந்தாவது பிக்தான் கிடைத்தது. அவன் கேட்கமாட்டான், தெரியும். அப்படியானால் 2011 டிசம்பரைச் சொல்லுங்கள். கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்ப நியூ ஆர்லியன்ஸ் பேசி முடித்துவிட்டது, அந்த டீம் அப்போது லீகின் கையிலேயே இருந்ததால் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் நடக்காது என்று நிறுத்திவிட்டார். லீக் பகிரங்கமாகக் கை வைத்த பெரிய டிரேட், அதுவும் லேக்கர்ஸுக்கு எதிராக. அடுத்த வாரமே பால் கிளிப்பர்ஸுக்குப் போனார், அதே அரங்கத்தில் எதிர்ப்பக்க லாக்கர் ரூமுக்கு.