புதுப்பிப்பு: ஊழியர் பயிற்சி மானியம், இரண்டாவது முறை விண்ணப்பித்ததில் ஒப்புதல் கிடைத்தது

எங்கள் சிறு நிறுவனத்தில் ஐந்து பேருக்குக் கணக்கு மென்பொருள் பயிற்சி தர அரசு மானியம் கேட்டதற்கு, "தகுதி இல்லை" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, இப்போது ஒப்புதல் வந்துவிட்டது.

சிக்கலைச் சரியாகப் பிடித்தது, "ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா, தேதியைப் பாருங்கள்" என்று கேட்டவர்தான். இடம் போய்விடுமே என்று பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டி, அந்த ரசீதையும் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தோம். ஒப்புதலுக்கு முன் செய்த செலவு கணக்கில் வராது என்பதோடு, மானியம் இல்லாமலே இதைச் செய்யத் தயாராக இருந்தோம் என்றும் ஆகிவிடுகிறது. அந்த முன்பதிவை ரத்து செய்து, கட்டணம் எவ்வளவு என்ற விலைப்புள்ளி மட்டும் வாங்கி, தொடங்கும் தேதியைத் தள்ளிப்போட்டு மறுபடி விண்ணப்பித்தோம்.

எதிர்பாராதது: ஐந்து பேரில் ஒருவரை நீக்கச் சொன்னார்கள். அவர் ஒப்பந்தத்தில் பில் போட்டு வேலை செய்பவர், சம்பளப் பட்டியலில் இல்லை. பல வருடமாக எங்களோடு இருப்பவர் என்பதால் ரொம்ப வருத்தமாக இருந்தது, அவருக்கான கட்டணத்தை நிறுவனமே கட்டுகிறது.

அப்புறம், பணம் முன்கூட்டி வராது. முழுக் கட்டணத்தையும் நாமே கட்டி, வருகைப் பதிவு, சான்றிதழ், வங்கியில் பணம் போனதற்கான ஆதாரம் எல்லாம் கொடுத்த பிறகுதான் ஒரு பங்கு திரும்ப வரும். பாதியில் யாராவது நின்றுவிட்டால் அவர் பங்கு கிடைக்காது, அதனால் விடுப்பு கேட்டிருப்பவர்களைப் பட்டியலில் சேர்க்கும் முன் பேசிவிடுங்கள்.