பஸ்ஸுக்குன்னு தனி ரோடு முதல்ல போட்டது கூரிச்சீபாவா? 1971 என்ன ஆச்சு?

தடம்எட்டு:
இன்னொரு திரியில கடைசிசீட் எழுதினத படிச்சதுலேருந்து மனசே ஆறல. "பஸ்ஸுக்குன்னு தனி ரோடு போட்ட முதல் ஊரு பிரேசில்ல இருக்கிற கூரிச்சீபா, வருஷம் 1974, அதுக்கு முன்னாடி உலகத்துல எவனும் இத யோசிக்கவே இல்ல"ன்னு அடிச்சு சொல்லிருக்கார், கீழ எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டு போயிருக்காங்க. தப்புங்க. இங்கிலாந்துல ரன்கார்ன்னு ஒரு ஊரு, புதுநகரமா திட்டம் போட்டு கட்டினது, அங்க பஸ் மட்டுமே போற ரோடு 1971 அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சாச்சு. இங்கிலீஷ் எட்டு மாதிரி ரெண்டு வளையம், ரெண்டும் சேர்ற எடத்துல கடைவளாகம், காருக்கு அந்த வழியில அனுமதியே கிடையாது. 1971 முன்னாடி வருமா 1974 முன்னாடி வருமான்னு சின்னப் புள்ளைய கேட்டாக்கூட சொல்லிடும்.

கடைசிசீட்:
வந்துட்டீங்களா, எங்கடா காணோமேன்னு பாத்தேன். நான் எழுதினத முழுசா படிச்சீங்களா இல்ல வருஷத்த மட்டும் தேடி புடிச்சீங்களா? ரன்கார்ன்ல காலி நிலத்துல வீட்டுக்கு வரைபடம் போடும்போதே பஸ் ரோட்டையும் சேத்து வரைஞ்சுட்டாங்க, யாரையும் நகத்த வேண்டாம், யாரு கூடவும் சண்ட போட வேண்டாம். கூரிச்சீபா அப்படியா, ஏற்கனவே 6 லட்சம் பேரு வாழ்ந்துட்டு இருந்த ஊரு. ஜைமி லெர்னர்னு ஒரு கட்டடக்கலைஞர் 1971ல மேயரா வந்து, இருக்கிற ரோட்டுக்கு நடுவுல பஸ்ஸுக்கு போக ஒண்ணு வர ஒண்ணுன்னு தடம் ஒதுக்கி, அதுக்கு ரெண்டு பக்கமும் மெதுவா போற உள்ளூர் வண்டிக்கு எடம் விட்டு, ஒரு தெரு தள்ளி இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஒண்ணுன்னு ஒருவழி வேக ரோடு விட்டாங்க. அதோட நிக்கல, அந்த பஸ் தடத்த ஒட்டித்தான் அடுக்குமாடி கட்டலாம், தள்ளிப்போகப்போக உயரம் கம்மி. அதாவது ஆளு குடியிருக்கிற எடத்துல பஸ், பஸ் போற எடத்துல ஆளு. இதுக்கு பேருதான் நெட்வொர்க். எட்டு மாதிரி ஒரு ரோட்ட வளைச்சு விட்டா அது நெட்வொர்க்கா?

தடம்எட்டு:
"தனி ரோடு போட்ட முதல் ஊரு"ன்னு எழுதினது யாரு, நானா? இப்ப அடுக்குமாடிக்கு தாவுறீங்க. 1971. அவ்வளவுதான்.

நடைமேடை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. முதல்ல பஸ் தடம் எதுன்னு பேசுறோமா, இல்ல ஊர் முழுக்க பின்னின முதல் பஸ் நெட்வொர்க் எதுன்னு பேசுறோமா? ரெண்டும் வேற வேற கேள்வி இல்லையா, அத முடிவு பண்ணிட்டு பேசினா பாதி சண்ட தீந்துடும்.

தடம்எட்டு:
கேள்வி எல்லாம் தெளிவாத்தான் இருக்கு நண்பரே. எது முதல். 1971 அக்டோபர்.

பழையபாஸ்:
இந்த சின்னப்பசங்க சண்டையில நான் தலையிட வேணாம்னுதான் இருந்தேன், ஆனா 1971ஆம் 1974ஆம், கேக்கவே கஷ்டமா இருக்கு. 1662ல பாரிஸ்ல, கணித மேதை பிலெய்ஸ் பாஸ்கல் இருக்காரே, அவரு முன்னால நின்னு ஆரம்பிச்சு வச்ச குதிரைவண்டி சேவை தெரியுமா உங்களுக்கு? 5 ரூட்டு, நேரம் குறிச்சு ஓடும், ஆளு இருந்தாலும் இல்லன்னாலும் வண்டி கிளம்பும், ஒரு வண்டியில 8 பேரு, கட்டணம் 5 சோல், அந்தக்கால பிரெஞ்சுக் காசு. அதுல ஒரு ரூட்டு ஊர சுத்தி வர்ற வட்டத்தடம். ரூட்டு, ஸ்டேஜ், டைம், கட்டணம் எல்லாம் அப்பவே இருந்துச்சு. நீங்க என்னமோ காங்கிரீட் ரோட்டுல வந்து நிக்கிறீங்க.

கடைசிசீட்:
ஐயா அது குதிரைவண்டி. நாம பேசுறது பஸ்.

பழையபாஸ்:
குதிர இழுத்தா பஸ் இல்லையா? பஸ்ஸுங்கிற பேரே ஆம்னிபஸ்லேருந்து வந்ததுதான், 1826ல பிரான்ஸ்ல நான்த் ஊருல போதிரி ஓட்டினதும், 1829ல லண்டன்ல ஷில்லிபியர் ஓட்டினதும் குதிரவண்டிதான். அப்ப அதெல்லாம் பஸ் இல்லன்னு சொல்லிடலாமா?

தடம்எட்டு:
ஐயா உங்க மேல மரியாத உண்டு, ஆனா பாஸ்கல் வண்டியில கூலியாள், சிப்பாய், வேலைக்காரன் ஏறக்கூடாதுன்னு பாரிஸ் நீதிமன்றமே தட போட்டுச்சு, 15 வருஷத்துக்குள்ள சேவையும் மூடியாச்சு. எல்லாரும் ஏற முடியாதது பொதுப்போக்குவரத்து ஆகுமா? ரன்கார்ன்ல அப்படி ஒண்ணும் இல்ல. ரொம்ப பேரு வீட்டுலேருந்து 5 நிமிஷம் நடந்தா ஸ்டாப்பிங் வரணும்னு திட்டத்துலயே எழுதி வச்சாங்க, 1971.

ஜன்னலோரம்:
நான் தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்கு போறவ, அதனால கேக்கிறேன், இந்த வருஷக்கணக்க வச்சு ஸ்டாப்பிங்ல நிக்கிறவளுக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அடுத்த பஸ் எப்ப வரும். அரைமணிக்கு ஒண்ணு வந்தா சராசரியா 15 நிமிஷம் நிக்கணும், 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா 5 நிமிஷம், பஸ்ஸோட வேகத்த கூட்டி அவ்வளவு நேரத்த மிச்சம் புடிக்க முடியாது. ஆனா எங்கயும் என்ன பண்றாங்க, இந்த தெருவுக்கு ஒரு ரூட்டு அந்த தெருவுக்கு ஒரு ரூட்டுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் விட்டுட்டு, எல்லா ரூட்டுலயும் ஒரு மணிக்கு ஒரு பஸ்ஸுன்னு கொண்டு வந்து நிறுத்திடறாங்க. மேப்புல பாத்தா ஊரெல்லாம் கோடு, ரோட்டுல பாத்தா பஸ்ஸே இல்ல. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 2015 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரியில பழைய ரூட்ட எல்லாம் கலைச்சு கட்டம் கட்டமா புது நெட்வொர்க் போட்டாங்களே, அதப்பத்தி பேசுங்களேன். சேவையில 80 சதவீதம் கூட்டம் இருக்கிற ரூட்டுக்கு, 20 சதவீதம் ஆளு கம்மியான எடத்துக்கும் பஸ் எட்டணும்கிறதுக்காக, இத முதல்ல முடிவு பண்ணிட்டுதான் கோடே போட ஆரம்பிச்சாங்க. முக்கிய ரூட்டுல 15 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமையும் சேத்து.

கடைசிசீட்:
சகோ, ரூட்ட கலைக்கிறது எல்லா ஊருலயும் வேலைக்காகாது. சிலி நாட்டுல சாண்டியாகோவுல 2007 பிப்ரவரி 10 அன்னிக்கு இதே மாதிரி ஒரே நாள்ல மொத்தத்தையும் மாத்தி, ஊரே ஸ்தம்பிச்சுது. பஸ் எண்ணிக்கைய குறைச்சுட்டாங்க, பஸ் தடம் தயாராகல, ஒரே பஸ்ல போனவன ரெண்டு மூணு மாற வச்சாங்க, கூட்டம் மொத்தமும் மெட்ரோவுல போய் நெரிஞ்சுது, கடைசில நாட்டோட அதிபரே மன்னிப்பு கேட்டாங்க. கூரிச்சீபாவுல அந்த மாதிரி அவசரமே படல. 1974ல முதல் தடம், அப்புறம் ஒவ்வொண்ணா சேத்தாங்க, 1980ல எத்தன பஸ் மாறினாலும் ஒரே டிக்கெட்டுன்னு கொண்டு வந்தாங்க, 1991ல குழாய் மாதிரி நிறுத்தம், 1992ல ரெண்டு எடத்துல மடங்குற நீள பஸ், அஞ்சு கதவு. சிவப்பு பஸ் முதன்மைத்தடம், ஆரஞ்சு பஸ் சுத்துப்பட்டுலேருந்து ஆள கொண்டாந்து சேக்கும், பச்ச பஸ் மையத்துக்கு போகாமலே ஒரு பகுதியிலேருந்து இன்னொரு பகுதிக்கு போகும். கண்ண மூடிட்டு கூட ஏறலாம்.

தடம்எட்டு:
பாத்தீங்களா, உங்க வாயாலேயே வந்துடுச்சு. குழாய் நிறுத்தம் 1991. நீள பஸ் 1992. ஒரே டிக்கெட்டு 1980. அப்ப 1974ல என்னதான் இருந்துச்சு? ஒரு தடம் இருந்துச்சு, அந்த தடம் ரன்கார்ன்ல 3 வருஷம் முன்னாடியே இருந்துச்சு. நீங்க எல்லாம் பாக்கிற போட்டோ 90களுக்கு அப்புறம் எடுத்தது, அத 1974ல ஒட்டி வச்சு பேசிட்டு இருக்கீங்க. நான் இருவது வருஷமா பழைய டைம்டேபிளும் ரூட் மேப்பும் சேத்து வச்சிருக்கிறவன், ஒரு வீடியோ பாத்துட்டு வந்து பேசுறவன் இல்ல.

கடைசிசீட்:
டைம்டேபிள் சேக்கிறவருக்கு அந்த ரன்கார்ன்ல எவ்வளவு பேரு பஸ் ஏறினாங்கன்னு தெரியாதா? பாதி பேரு பஸ்ல பாதி பேரு கார்லன்னு திட்டம் போட்டாங்க, ஆனா ஊர சுத்தி காருக்கும் சேத்து அருமையான ரோடு போட்டு குடுத்துட்டு பஸ்ல ஏறுங்கன்னா எவன் ஏறுவான், நினைச்ச அளவுக்கு வரல. காலி பஸ் ஓடுற தனி ரோட்டுக்கு முதல் பரிசு குடுக்கணுமாம்.

தடம்எட்டு:
கூட்டம் எவ்வளவுன்னு யாரு கேட்டா. முதல்ல போட்டது யாரு. அப்புறம் இன்னொண்ணு, அது க்யூரிடிபா, கூரிச்சீபா இல்ல.

கடைசிசீட்:
பிரேசில்ல பேசுற போர்ச்சுகீசியத்துல 'டி' வர்ற இந்த மாதிரி எடத்துல 'ச்சி'ன்னுதான் சொல்லுவாங்க. அந்த ஊர்க்காரன் சொல்ற மாதிரி எழுதுறதுதான் மரியாத. இங்கிலீஷ்காரன் வாயில நொழைஞ்சு வந்த பேர எனக்கு சொல்லித்தராதீங்க.

தடம்எட்டு:
எல்லாரும் க்யூரிடிபான்னுதான் எழுதுறாங்க.

கடைசிசீட்:
எல்லாரும் கூரிச்சீபாதான் முதல்லன்னும் எழுதுறாங்க, அப்ப அதையும் ஒத்துக்கோங்க.

நடைமேடை:
பேர விடுங்கப்பா. முதல் தடமா, முதல் நெட்வொர்க்கா? இத இன்னும் யாருமே சொல்லல.

பழையபாஸ்:
லெர்னர பத்தி ஓவரா புகழ்றீங்களே, அவர 1971ல மேயராக்கினது மக்கள் இல்ல, ராணுவ ஆட்சி நியமிச்சுது. எதுத்து கேக்க ஆளில்லாத காலத்துல ரோட்ட புடுங்கி பஸ்ஸுக்கு குடுக்கிறது சுலபம். தேர்தல்ல நின்னு ஜெயிச்சு பண்ணிருந்தா அது வேற.

கடைசிசீட்:
தேர்தல்ல ஜெயிச்சும் 1989ல மேயரா வந்தாரு ஐயா, குழாய் நிறுத்தம் அந்த காலத்துலதான். அதையும் படிச்சுட்டு வாங்க. போன வருஷம் டிராம் திரியிலயும் இப்படித்தான் பாதிய மட்டும் சொல்லிட்டு போனீங்க.

பழையபாஸ்:
டிராம் திரியில நான் சொன்னது ஒவ்வொண்ணும் சரி. உங்க பதிவ நீங்களே அழிச்சத எல்லாரும் பாத்தாங்க.

ஜன்னலோரம்:
நான் சாண்டியாகோவுக்கு பதில் சொல்லணும். அங்க தப்பு ரூட்ட மாத்தினது இல்ல, பஸ்ஸும் தடமும் கையில இல்லாம தேதிய மட்டும் வச்சுக்கிட்டு மாத்தினது. சியோல்ல 2004 ஜூலை 1 அன்னிக்கு அதே மாதிரிதான் ஒரே நாள்ல மாத்தினாங்க, முதல் நாள் கார்டு மிஷின் வேலை செய்யாம ஒரே குழப்பம், மக்கள் திட்டினாங்க, ஆனா கொஞ்ச நாள்ல நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சு? ரோட்டுக்கு நடுவுல பஸ் தடம், நீலம் முதன்மைத்தடம், பச்ச கிளைத்தடம், பஸ் மாறினாலும் மெட்ரோவுக்கு மாறினாலும் மொத்த தூரத்துக்குதான் காசு. அத விட முக்கியம், தனியார் கம்பெனிக்கு ஏத்தின ஆளுக்கு காசு இல்ல, ஓட்டின கிலோமீட்டருக்கு காசு. ஏத்தின ஆளுக்கு காசுன்னா என்ன நடக்கும்னு பஸ்ல போறவங்களுக்கு தெரியும், முன்னால போற பஸ்ஸ முந்துறதுக்கு துரத்துறது, கூட்டம் இருக்கிற ஸ்டாப்பிங்ல போய் அடைச்சுக்கிறது, கிழவி கை காட்டினா நிக்காம போறது. கொலம்பியாவுல போகோட்டாவுல இதுக்கு பைசா யுத்தம்னே பேரு வச்சிருந்தாங்க, 2000 டிசம்பர்ல டிரான்ஸ்மிலேனியோங்கிற தனித்தட பஸ் சேவை வந்ததே அத ஒழிக்கத்தான். காச எப்படி குடுக்கிறீங்கங்கிறதுதான் டிரைவர எப்படி ஓட்ட வைக்குதுங்கிறத தீர்மானிக்குது. என்னோட மாமியார் ஒருதடவ ஓடுற பஸ்ஸுல ஏறப்போயி விழுந்து ஆறு மாசம் படுத்துட்டாங்க, எனக்கு இது விளையாட்டு பேச்சு இல்ல.

கடைசிசீட்:
கேக்கவே வருத்தமா இருக்கு சகோ. ஆனா கிலோமீட்டருக்கு காசு குடுக்கிறதும் கூரிச்சீபாவுல சியோலுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. போகோட்டாவே கூரிச்சீபாவ பாத்து பண்ணதுதான், நிறுத்தத்துல ஒரு பஸ் நிக்கும்போது இன்னொண்ணு முந்திப்போக கூடுதல் தடம் வச்சாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ரன்கார்ன பாத்து எந்த ஊரு பண்ணுச்சு, ஒரு ஊரு பேர சொல்லுங்க பாப்போம்.

தடம்எட்டு:
பாத்து பண்ணாங்களா இல்லையாங்கிறது வேற கேள்வி. எடிசனுக்கு முன்னாடி பல்பு பண்ணவன யாரும் பாத்து பண்ணலங்கிறதுக்காக அவன் பண்ணலன்னு ஆயிடுமா? நான் திரும்ப திரும்ப ஒரே விஷயத்ததான் சொல்றேன், நீங்கதான் லெர்னர், அடுக்குமாடி, ஆரஞ்சு பஸ்ஸுன்னு ஊர் சுத்தி வர்றீங்க. ரன்கார்ன் முழு 22 கிலோமீட்டரும் 1980க்குள்ள ஓட ஆரம்பிச்சுடுச்சு, முதல் பகுதி 1971. இதுல எந்த வார்த்த தப்பு? தப்பு இல்லன்னா அந்த திரியில போயி திருத்தி எழுதுங்க, அது போதும் எனக்கு.

ஜன்னலோரம்:
கிலோமீட்டருக்கு காசு யாரு முன்னாடி குடுத்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல. நான் எழுதினதுல உங்க ஊரு பேரு வர்ற எடத்த மட்டும் தேடித்தான் பதில் சொல்றீங்க.

கடைசிசீட்:
திருத்த மாட்டேன். ஓடுற ஊருக்கு நடுவுல வெட்டி எடுத்த தடம்னு வேணா ஒரு வார்த்த சேப்பேன்.

தடம்எட்டு:
அப்ப எழுதினது தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க.

கடைசிசீட்:
எங்க ஒத்துக்கிட்டேன்? வார்த்த சேப்பேன்னேன், தப்புன்னு சொல்லல.

பழையபாஸ்:
1662.

தடம்எட்டு:
ஐயா நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கடைசிசீட், 1971 அக்டோபர்ங்கிறத ஒத்துக்கிறீங்களா இல்லையா, ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

கடைசிசீட்:
முதல்ல கூரிச்சீபான்னு ஒழுங்கா எழுதுங்க, அப்புறம் சொல்றேன்.